வேகாத பிண்ணாக்கு

நூக்கராஜு இறந்த பதினோராம் நாள், ஆந்திராவின் அனபர்த்தியில் மங்காயம்மாவின் கொட்டகையிலிருந்த மூவாயிரம் முட்டைக்கோழிகளும் அவன் குரலில் பேசத் தொடங்கின. தீவனம் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் முதல் வரிசைக் கூண்டுகள் "லோவா, ஏய் லோவா" என்று கூப்பிட்டன. சாயங்காலத்துக்குள் கடைசி வரிசைக்கும் பேச்சு வந்துவிட்டது. முட்டை வியாபாரி, முட்டை ஏதும் பேசாதல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டு அட்டைகளை வண்டியில் ஏற்றிப் போனான்.

நூக்கராஜு ரயிலடிக்குப் பின்னாலுள்ள தீவன ஆலையில் வேலை பார்த்தவன். எண்ணெய் பிழிந்த சோயாப் பிண்ணாக்கு அங்கே மூன்றாள் உயரத் தொட்டியில் கிடக்கும். அடியிலுள்ள வாய் வழியாக நீராவிக் கொப்பரைக்கு இறங்கும். கட்டிதட்டிப்போன பிண்ணாக்கைக் குத்திவிட உள்ளே இறங்கியவனை அது மூடிக்கொண்டது. கீழே கொப்பரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி லோவம்மா. உடலை எடுத்தார்கள், மூச்சு பிண்ணாக்கிலேயே தங்கிவிட்டது. அந்தத் தொட்டிச் சரக்கை வேறு யாரும் வாங்கவில்லை. வேறு தீவனத்துக்குப் பணமில்லாத மங்காயம்மா மட்டும் வாங்கினாள். லோவம்மா துக்கத்தில் இருந்த நாட்களில் கொப்பரையைப் பார்த்தவனுக்குப் பதம் தெரியாததால், பிண்ணாக்கு அரைவேக்காடாகவே போய்ச் சேர்ந்தது.

லோவம்மா கொட்டகைக்கு ஓடிவந்து முதல் கூண்டருகே உட்கார்ந்தாள். கோழிகள் அவளிடம் முதுகுவலியைப் பற்றிச் சொல்லின. புளிச்சகீரைத் துவையலில் உப்புக் குறைச்சல் என்றன. அவள் "ஆமா, கொற சொல்ல மட்டும் வாய் வந்துரும்" என்று சொல்லிவிட்டு அழுதாள். மறுநாள் வேலைக்குத் திரும்பியவள், நன்றாக வெந்தால் குரல் போய்விடுமோ என்று பயந்து, அரைமணி நேரம் வேகவேண்டிய பிண்ணாக்கைப் பத்தே நிமிடத்தில் இறக்கினாள். தினமும் மத்தியானம் கொட்டகைக்குப் போனாள். மங்காயம்மா அவளுக்கு ஒரு முக்காலி போட்டு வைத்தாள்.

மூன்றாவது வாரம் பேச்சு மாறியது. முதுகுவலியும் துவையலும் போய், மூவாயிரம் கோழிகளும் "பசிக்குது லோவா" என்று மட்டுமே சொல்லின. அவள் விரால் குழம்பு வைத்து ஆற்றங்கரையில் காக்கைக்குப் படைத்தாள். மறுநாளும் பசிக்குது என்றன. முட்டைகள் எலுமிச்சை அளவுக்குச் சிறுத்தன, கோழிகள் நாளுக்கு இருபதாகச் செத்தன.

மாட்டு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து ஒரு கோழியை அறுத்துக் காட்டினார். கணையம் வீங்கியிருந்தது. "இரை நெறைய இருக்கும்மா, உடம்புல ஒட்டல. பச்சைச் சோயா செரிமானத்தையே கட்டிப்போட்டுடும். நல்லா வேகவச்சா கோழி பொழைக்கும். ஆனா இந்தக் குரல் போயிடும்."

மங்காயம்மா கத்துவாள் என்று லோவம்மா நினைத்தாள். மங்காயம்மாவோ செத்த கோழிகளைக் கூடையில் அள்ளியபடியே பேசினாள். "எனக்கும் புருஷன் செத்தான்டி. ஒரு கோழிகூட எங்கிட்டப் பேசல. அதான் இத்தன நாள் வாயத் தொறக்கல. ஆனா கேளுடி அவன. தின்னுக்கிட்டே பட்டினி கெடக்குறான்."

"நாந்தான் அக்கா போட்டேன்" என்றாள் லோவம்மா. "நாந்தான் அவரப் பட்டினி போட்டேன்."

அடுத்த நாள் கொப்பரையின் நீராவிக் குழாயை முழுக்கத் திறந்து, வறுத்த கடலை வாசனை வரும்வரை அரைமணி நேரம் நகராமல் நின்றாள். பதம் தாண்டினால் கருகி அதுவும் சத்தில்லாமல் போகும். அதனால் கண்ணைத் துடைக்கக்கூடத் திரும்பவில்லை. மூட்டைகளைத் தானே வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போய், தானே தீவனம் போட்டாள்.

முதல் நாள் பாதிக் கோழிகள் பேச்சை நிறுத்தின. இரண்டாம் நாள் நாலைந்து மட்டும் முனகின. மூன்றாம் நாள் மத்தியானம், கடைசி வரிசையில் கழுத்து இறகு உதிர்ந்த ஒரு கோழி தலையைத் தூக்கி, "போதும் லோவா, வயிறு நெறஞ்சிருச்சு" என்றது. தண்ணீர் குடித்தது. பிறகு மற்ற கோழிகளைப் போலக் கொக்கரித்தது.

லோவம்மா இன்னும் ஏதாவது வருமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். வரவில்லை. மங்காயம்மா ஒரு முட்டை அட்டையை நீட்டினாள். அதை வாங்கிக்கொண்டு, முதல் வரிசையிலிருந்து முட்டை எடுக்க ஆரம்பித்தாள்.