நேரில் பார்வையிட்டதில் அவ்வாறு காணப்படவில்லை

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் பிறந்தது. ஒளிப்பானேன்.

'மாண்புமிகு முனைவர் அவர்களுக்கு' என்று தொடங்கியது அது. நான் முனைவர் இல்லை. மாண்பு பற்றி வீட்டில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். காந்திபுரத்துப் பேருந்துகள் நின்றுகொண்டிருக்கும்போதும் ஏன் ஹாரன் அடிக்கின்றன என்று ஞாயிறு இணைப்பு ஒன்றில் அரைப்பக்கம் கேலி எழுதியிருந்தேன். 'நகர்ப்புற ஒலியியல் குறித்த தங்கள் சீரிய ஆய்வைக் கண்டு எங்கள் ஆசிரியர் குழு வியந்தது' என்றது மின்னஞ்சல். கடல் கடந்த பதிப்பகம். கோப்பை அனுப்பினால் போதும், புத்தகம் ஆகிவிடும். என்னிடம் காசு கேட்கவில்லை. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

இதில் ஒரு நுட்பம். அந்தப் புத்தகத்தை அவர்கள் அச்சிட்டு அடுக்கி வைப்பதில்லை. எவராவது வாங்கினால் அந்த ஒருவருக்காக ஒரு படி அச்சாகும். ஆர்டர் சொன்னால் தோசை ஊற்றுவது மாதிரி. (ஆனால் தோசை மாஸ்டர் ஊற்றுவதற்கு முன் மாவை ஒரு பார்வை பார்ப்பார்.)

மூன்று முறை 'சம்மதம்' என்று தட்டச்சு செய்து மூன்று முறையும் அழித்தேன். பிறகு அந்த மின்னஞ்சலை நித்யஸ்ரீக்கு அனுப்பிவிட்டேன். நித்யஸ்ரீ என்று ஒருத்தி இல்லை. இந்தக் கதைக்காக உண்டாக்கினேன். சங்கடங்களைக் கைமாற்றிவிடத்தானே பாத்திரங்கள் இருக்கிறார்கள்.

2

தொடக்கங்கள்.

'மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிய குளிர்காற்று உதவிப் பேராசிரியை நித்யஸ்ரீயின் சேலைத் தலைப்பை—'

(வேண்டாம். கோயம்புத்தூரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்தக் காற்றை ஒருதடவை இறக்கிவிடுகிறார்கள். அதற்கும் வயதாகிவிட்டது.)

'அறிவு என்பது யாது? அது நூலில் உள்ளதா, நூலகத்தில்—'

(பட்டமளிப்பு விழாவில் பேசக் கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம்.)

'வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் நித்யஸ்ரீ கையில் ஒரு புத்தகம் இருந்தாக வேண்டும்.'

இது இருக்கட்டும்.

3

நித்யஸ்ரீக்கு முப்பத்தொன்பது வயது. அவிநாசி சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தனியார் கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் கற்பிக்கிறாள். கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எந்தப் பெயரை உண்டாக்கினாலும் அந்தப் பெயரில் ஒன்று ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது.

பன்னிரண்டு வருடமாக அவள் உதவிப் பேராசிரியை. இணைப் பேராசிரியையாக உயர, சொந்தமாக எழுதிய நூல் ஒன்று வேண்டும்; அதில் ஐ.எஸ்.பி.என். எண் இருக்க வேண்டும். நேர்காணலுக்கு அசல் படியைக் கொண்டுவர வேண்டும். இந்தத் தடவை தவறினால் அடுத்த நேர்காணல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே மேலே போய்விட்டார்கள். கேன்டீனில் அவளைப் பார்த்ததும் 'எப்போ மேடம்?' என்று கேட்கிறார்கள்.

மின்னஞ்சல் கிடைத்த அன்றே தன் முனைவர் பட்ட ஆய்வேட்டை அப்படியே அனுப்பினாள். 'தென்னை நார்த்தூளும் மண்ணின் ஈரமும்: உடுமலைப்பேட்டை வட்டாரத்தின் நான்கு தோப்புகள்.' ஆங்கிலத்தில் இன்னும் நீளமாக இருக்கும். எட்டு நாளில் அட்டைப்படம் வந்தது. தென்னைக்குப் பதில் பேரீச்சை மரம். அவள் கண்டுகொள்ளவில்லை. ஆசிரியருக்கு இலவசப் படி கிடையாது என்பதால் உலகத்தின் முதல் வாசகியாகத் தானே ஒரு படி வாங்கினாள். வந்துசேர மூன்று வாரம்.

(துறைத்தலைவர் கிருபாசங்கரை இந்த இடத்தில் வில்லனாக்கப் பார்த்தேன். சரிப்படவில்லை. அவருக்கும் அதே பதிப்பகத்தில் மூன்று புத்தகம் இருக்கிறது. அவருடைய அம்மா அவற்றைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூப்போடுகிறார். அப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது?)

4

(இந்தப் பகுதி கேட்டால் மட்டும் அச்சிடப்படும். இதுவரை யாரும் கேட்கவில்லை.)

5

சனிக்கிழமை புத்தகம் வந்தது. திங்கட்கிழமை வெளியீட்டு விழா. பேனரில் 'பன்னாட்டு நூல் வெளியீட்டு விழா' என்று கிருபாசங்கர் போடச் சொன்னார். தபால் வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறதே.

நம் ஊர் நூல் வெளியீடு உங்களுக்குத் தெரியும். ஒருவர் வெளியிடுவார், ஒருவர் முதல் பிரதி பெறுவார், அதற்குப் பின் மேடையில் இருக்கும் அத்தனை பேரும் வரிசையாக ஒவ்வொரு பிரதி பெறுவார்கள். பெற வேண்டியவர்கள் ஆறு பேர். இருப்பதோ ஒரே பிரதி.

கிருபாசங்கர் ஏற்பாடு செய்தார். கல்லூரி முதல்வர் வெளியிடுவார், பெறுகிறவர் கேமராவைப் பார்த்துச் சிரித்ததும் புத்தகத்தை முதுகுப் பக்கம் நீட்டிவிட வேண்டும். நாற்காலிகளுக்குப் பின்னால் கிருபாசங்கர் குத்த வைத்திருப்பார். வாங்கி, தவழ்ந்து, மறுபடி முதல்வரிடம் சேர்ப்பார். அடுத்த பிரதி தயார்.

முதல் பிரதி பெறுகிறவர் நித்யஸ்ரீயின் தாய்மாமன் அங்கப்பன். தாய்மாமன் இருக்கும்போது முதல் மரியாதையை இன்னொருத்தர் கையில் கொடுத்தால் அம்மா பேச மாட்டாள். அங்கப்பன், மனைவி பூவாத்தாளோடு உடுமலையிலிருந்து ஏழு தட்டு சீரோடு வந்து இறங்கினார். பழம், தேங்காய், பூ, பட்டுச்சேலை. விழா என்று சொன்னார்கள்; தாய்மாமன் வேறு எப்படி வருவார்?

நாற்காலி ஏற்பாட்டை அவரிடம் சொல்ல மறந்துபோனார்கள்.

முதல்வர் நீட்டினார். அங்கப்பன் பட்டுச்சேலைத் தட்டிலேயே புத்தகத்தை வாங்கினார், கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. குனிந்து பார்த்தார். கோட்டு போட்ட ஒரு மனிதர் தரையில் உட்கார்ந்து கை ஏந்திக்கொண்டிருக்கிறார். அங்கப்பன் மனம் கசிந்து அந்தக் கையில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். புத்தகத்தை மஞ்சப்பையில் வைத்தார்.

மற்ற ஐந்து பேரும் பெற்றுக்கொண்டது ஜிகினாத் தாளில் அவசரமாகச் சுற்றிய விடுதி வருகைப் பதிவேடு. முதல்வர் ஐந்து முறையும் ஒரே முகத்தோடு அதை வெளியிட்டார். அந்தப் படங்கள் கல்லூரி இணையதளத்தில் இருக்கின்றன. (இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.)

விழாச் சாப்பாடு முடிந்து, கை கழுவிவிட்டு நித்யஸ்ரீ ஓடிவருவதற்குள் மாமனின் கார் போய்விட்டது. செவ்வாய்க்கிழமை போன் செய்தாள்.

"மாமா, அந்தப் புஸ்தகம் வேணுமுங்க."

"படிச்சுட்டு இருக்கறேன் கண்ணு. நாப்பத்தேழாம் பக்கம்."

நித்யஸ்ரீ பக்க எண்ணை மறுபடி கேட்டு உறுதிசெய்துகொண்டாள். அவளுடைய ஆய்வு நெறியாளரே அவ்வளவு தூரம் போனதில்லை.

6

(முதல் வரைவில் அங்கப்பன் வெறும் தோப்புக்காரர். அப்படியிருந்தால் புத்தகத்தை பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார், கதை சுபமாக முடிந்திருக்கும். ஆகவே அவரைத் தாலுகா ஆபீசில் முப்பத்தோரு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவராக மாற்றினேன். எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் பென்சிலை எடுத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள். ஆங்கிலச் சொல் ஏதாவது புரியாவிட்டால் போனைக் காட்டித் தமிழாக்கிக்கொள்வார்.)

வியாழக்கிழமை விடுப்புப் போட்டுவிட்டு அவளே போனாள். வாசலில் பூவாத்தாள்.

"வா அம்மணி. உன்ற மாமன் மூணு நாளா சோறு திங்கறதில்ல. அந்தப் புஸ்தகத்தத்தான் தின்னுட்டு இருக்கறாரு."

அங்கப்பன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஏனம்மணி, என்ற தோப்பு வறண்ட தோப்பா?"

"மாமா, அது வந்துங்க..."

"பராமரிப்பு கொறைவாமா? நாலு தோப்புல நாலாவதா? அந்த மோகன்குமாரு தோப்பு மொதலாவதா? அவன் தோப்புல காய விடக் கொரங்குதான் நெறய!"

மோகன்குமார் பக்கத்துத் தோப்புக்காரர். இருவருக்கும் வரப்புத் தகராறு. ஒரு சர்வேயரின் வரப்பில் கை வைத்தவர்.

"அத யாரும் படிக்க மாட்டாங்க மாமா," என்றாள் நித்யஸ்ரீ.

"நான் படிச்சனே."

"உங்களத் தவிர ஒருத்தரும் இல்லீங்க. சத்தியமா. ஒலகத்துலயே இந்த ஒண்ணுதான் இருக்குது."

"அப்ப எதுக்குக் கண்ணு அடிச்சே?"

(நாளைக்குத் தர வேண்டிய படிவத்தில் 'சர்வதேச அளவில் நூலின் வாசகப் பரப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் என்ன எழுதுவது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.)

அங்கப்பன் எண்பத்துமூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அட்டவணை ஏழு.

"பன்னெண்டு எடத்துல குழி போட்டு ஈரம் பாத்ததா எழுதியிருக்கற. எந்தப் பன்னெண்டு? உன்னைய வாசல்ல பாத்தேன், ஊஞ்சல்ல பாத்தேன், எலையில பாத்தேன். தோப்புல பாக்கலியே?"

"அன்னிக்கு மழைங்க," என்றாள் பூவாத்தாள், உதவி செய்வதாக நினைத்து. "புள்ள எறங்கவே இல்ல. எட்டு ஒப்புட்டு தின்னா." (ஒப்புட்டு என்றால் மற்ற ஊர்களில் போளி.)

மாமன் கேட்டுவிட்டதால் நான்காம் பகுதியை இப்போது அச்சிட வேண்டியிருக்கிறது.

4

மூன்று தோப்புகளில் நித்யஸ்ரீ உண்மையாகவே வெயிலில் நின்று அளந்தாள். நான்காவது மாமன் தோப்பு. போன அன்று கொட்டோ கொட்டென்று கொட்டியது. நனைந்த மண்ணில் ஈரத்தை அளந்து என்ன செய்ய? ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது. மூன்று தோப்புகளுக்கும் சராசரி போட்டு நான்காவதற்கு எழுதினாள். பார்த்தால் ரொம்ப அழகாக இருந்தது, சந்தேகம் வரும். கொஞ்சம் குறைத்தாள். யாராவது கடைசியாக வர வேண்டுமே. மோகன்குமார் சண்டைக்கு வருவார். மாமன் நம்ம மாமன்.

அவ்வளவுதான் நான்காம் பகுதி. இதற்கு அவளுக்குப் பட்டம் கிடைத்தது, பேரீச்சை மரம் போட்ட அட்டை கிடைத்தது. வழியில் ஒருவரும் இந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

6 (விட்ட இடத்திலிருந்து)

பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. முப்பத்தோரு வருடப் பழக்கம். வேறு எப்படியும் அவருக்கு எழுத வராது:

'அட்டவணை 7. நேரில் பார்வையிட்டதில் அவ்வாறு காணப்படவில்லை.'

கையெழுத்து. தேதி. கீழே 'நில அளவர் (ஓய்வு)'.

"மாமா, நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூங்க. இத நான் அங்க காட்டோணும்."

"பென்சிலுதான. ரப்பர் போட்டு அழிச்சுக்க." அங்கப்பன் புத்தகத்தை மூடினார். "இல்லீன்னா நாளைக்குக் காத்தால ஆறு மணிக்கு வா. டேப்பு, கடப்பாரை எல்லாம் எடுத்து வெக்கறேன். பன்னெண்டு எடமும் மத்தியானத்துக்குள்ள பாத்துப்போடலாம். மோகன்குமாரு மொகரைய நான் பாக்கோணும்."

"சனிக்கெழம வாரேனுங்க மாமா."

"சனிக்கெழம நார்த்தூளுக்கு எங்க போவ? நாளைக்கு மத்தியானம் டிராக்டர் வருது. தோப்புல பரப்புன நார்த்தூள் எல்லாத்தையும் மண்ணோட பொரட்டி உழுதுபோடறோம்."

புத்தகத்தை அதே மஞ்சப்பையில், இரண்டு தேங்காயோடு கொடுத்து அனுப்பினார்.

7

இப்போது நித்யஸ்ரீ கிணத்துக்கடவில் ஒரு பேக்கரி வாசலில் காரை நிறுத்தியிருக்கிறாள். எதிர்க்கடையில் வாங்கிய ரப்பர் ஒரு கையில், முட்டை பப்ஸ் இன்னொரு கையில். எண்பத்துமூன்றாம் பக்கம் மடியில். மணி நாலரை. முடிவுகளைப் பார்ப்போம்.

ஒன்று. அழிக்கிறாள். நேர்காணலில் புத்தகத்தின் பின்னட்டையைப் பார்த்து, ஐ.எஸ்.பி.என். எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பித் தருகிறார்கள். இணைப் பேராசிரியை. கேன்டீனில் இனி ஒருவரும் கேட்க மாட்டார்கள். மாமன் தோப்பு கடைசி அச்சுப்படி உள்ளவரை வறண்டே கிடக்கும். (இதுதான் நடக்கும் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் எல்லாரும் இணைப் பேராசிரியர்கள்.)

இரண்டு. அழிக்கவில்லை. குழுவில் ஒருவர் தவறுதலாகப் புத்தகத்தைத் திறந்துவிடுகிறார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் டிக். பக்கத்தில் இருப்பவரை இடித்துக் காட்டுகிறார். "மேடம், இதை யாரோ படிச்சிருக்காங்க!" இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றை அவர்கள் பார்த்ததில்லை. எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். உணர்ச்சிப் பெருக்கில், ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் எவரும் படிக்கவில்லை.

மூன்று. காலை ஆறு மணிக்குத் தோப்பில் நிற்கிறாள். பன்னிரண்டு குழி. திருத்திய கோப்பை அனுப்புகிறாள். இந்தப் பதிப்பு முறையில் அது ஒரு வசதி, அடுத்த படியிலிருந்து புது அட்டவணை வந்துவிடும். அடுத்த படியை யாராவது கேட்டால். பதவி? அதை அடுத்த—

(இந்த வாக்கியத்தை நான்கு தடவை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவளை நல்லவளாக்கி, உங்களிடம் நானும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறேன் என்று தெரிந்தது. விட்டுவிட்டேன். இரண்டாவது முடிவையும் நம்பாதீர்கள். கைதட்டல் என் ஆசை.)

நித்யஸ்ரீ முதலில் தேதியை அழித்துப் பார்த்தாள். சுத்தமாகப் போனது, தடமே இல்லை. கையெழுத்தின் மேல் ரப்பரை வைத்தபோது போன் அடித்தது.

"ஏனம்மணி, கெணத்துக்கடவு தாண்டீட்டியா?"

"இங்கதானுங்க மாமா இருக்கறேன்."

"டேப்பை எடுத்து வெச்சுப்போட்டேன். உன்ற அத்தை ஒப்புட்டுக்குப் பருப்பு ஊறப் போடட்டுமான்னு கேக்கறா. வாரியா, இல்லியா? வெசையாச் சொல்லு."

நித்யஸ்ரீ பப்ஸைக் கீழே வைத்தாள். ரப்பர் இன்னும் கையில்தான் இருந்தது.

"மாமா, நான் நாளைக்கு ________________"

(கோடிட்ட இடத்தை நிரப்புக. விடைத்தாளை அங்கப்பன் திருத்துவார். பென்சிலில்.)