வெளிச்சுவரின் அளவு

வீட்டுக்கடன் கோப்பு திரும்பி வந்துவிட்டது. அதன்மேல் குத்தியிருந்த சீட்டை மல்லிகா இரண்டு முறை படித்தாள். வரைபடத்தில் மாடி இல்லை. ஒவ்வொரு தளத்தையும் தனியாக வரைந்து, வெளிச்சுவரின் நீள அகலத்தைக் குறிக்க வேண்டும். படிக்கட்டையும் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மாடிக்கு மதிப்பு கிடையாது. மதிப்பு குறைந்தால் அரசாங்க வீட்டுக்கடன் பாதிதான்.

மராத்தி பேசும் போபோடியில் எண்பத்தேழிலிருந்து, பதினோரு வருஷமாக, அவர்கள் வாடகைக்கு இருக்கும் வீடு அது. இப்போது விலைக்கு வந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் கடன் கடிதம் காட்டாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும்.

"மாடிய எங்க காணும்? காக்கா தூக்கிட்டுப் போயிட்டா?" என்றாள் மல்லிகா.

அப்பா மாடசாமி தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

மதிப்பீட்டாளர் சந்தானம் தமிழர் என்று தெரிந்த அன்று அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலி, காப்பி, முறுக்கு. சந்தானம் அளவு நாடாவை எடுத்தபோது, "சாக்கடைப் பக்கமெல்லாம் நீங்க எதுக்கு சார் போய்க்கிட்டு? நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க" என்று தடுத்தவர் அப்பாதான். கீழ் அறைகளை வாயாலேயே அளந்து சொன்னார். வெளியே இரும்புப் படியேறிப் போகும் மாடியை விட்டுவிட்டார். சந்தானமும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"போய்க் கேளுங்கப்பா."

"அவரு நம்ம ஆளுல்லா. முகத்துக்கு நேரா எப்பிடிட்டி கேக்க?"

"வேற ஆளுன்னா அளக்க விட்டிருப்பிய."

மல்லிகா ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். மளிகைக் கடையில்கூட வாய் திறக்கக் கூச்சப்பட்டு விரலால் காட்டித்தான் சாமான் வாங்குவாள். அவள்தான் மறுநாள் காலை சந்தானத்தின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா சொன்னதைத்தானேம்மா எழுதினேன்? அடுத்த வாரம் பார்க்கலாம், போ."

"நேர்ல அளந்தேன்னு கையெழுத்து போட்டது எங்கப்பாவா சார்?"

அவள் எழுந்திருக்கவில்லை. காத்திருந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். சந்தானம் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

நாடாவின் ஒரு முனையை அவளே பிடித்தாள். சந்தானம் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு பின்பக்கச் சாக்கடையோரமாக நடந்தார். முணுமுணுத்துக்கொண்டே மாடியும் ஏறினார்.

"படத்தை ஆபீஸ்ல வரைஞ்சுக்கறேன்."

"இங்கயே வரைங்க சார்."

படியில் உட்கார்ந்து வரைந்தார். ஒவ்வோர் எண்ணையும் அவள் சரிபார்த்தாள். கீழிருந்து அப்பா, "போதும்ட்டி, பாவம்" என்றது அவள் காதில் விழாமலில்லை.

சனிக்கிழமை காலையில் கடிதம் வந்தது, மாடியையும் சேர்த்து. அப்பா சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்: "சந்தானம் சாரு ரெண்டாவது தடவ வந்து அளந்து குடுத்தாருல்லா! யாரு செய்வா இப்பிடி?"

மல்லிகா கழுவிக்கொண்டிருந்த அண்டாவை நங்கென்று தரையில் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து என்ன விழுந்தது என்று கேட்டாள். மல்லிகா அண்டாவை மறுபடி எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.