நடுவில் கனக்கிற சொல்

இப்போதெல்லாம் எவனும் எவன் பேச்சையும் காதில் வாங்குவதில்லை, ஆளுக்கு ஆள் துரை என்று சடையப்பனுக்குத் தீராத புகைச்சல். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் வடம் பிடித்துப் பாரம் இழுக்கும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அன்றைக்குப் புகைச்சலுக்குக் காரணமும் இருந்தது. இத்தாலியிலிருந்து வந்த பிரஸ் மிஷினைப் பொழுது சாய்வதற்குள் மேடையில் ஏற்றாவிட்டால் மெட்ராசிலிருந்து கிரேன் வரும், உங்கள் கூட்டம் இனி இந்தப் பக்கமே வரவேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

மிஷினோடு வந்த இத்தாலிக்காரன் ரெனாத்தோ, குரல் நான்தான் கொடுப்பேன் என்று முன்னால் நின்றான். "தி-ராஆ-தே", இழுங்கள் என்று தன் பாஷையில் கத்தினான். முன்னால் நிற்பவன் குரல் கொடுத்தால் வடம் பிடித்தவர்கள் எதிர்க்குரல் கொடுத்துத்தான் இழுப்பார்கள். அது அவர்கள் வழக்கம். எல்லோரும் அதையே திருப்பிக் கத்தினார்கள். கேலி செய்கிறார்கள் என்று அவன் முகம் சிவந்துவிட்டது. வடத்தில் முதல் ஆளாக நின்ற குப்பனைப் பார்த்து மட்டும் "தீ-ரா", நீ இழு என்றான். அதற்கும் மொத்தக் கூட்டமும் பதில் கொடுத்தது. சிலர் சொல்லின் தலையில் இழுத்தார்கள், சிலர் வாலில். மிஷின் உருளைகளின் மேல் கோணிக்கொண்டு நின்றது.

பிட்டர் பாக்கியராஜ் ஓடிவந்தான். மிஷின் வந்ததிலிருந்து ரெனாத்தோவோடு வேலை செய்து அந்தப் பாஷையில் கொஞ்சம் பிடித்துவைத்திருந்தான்.

"நைனா, ஒருத்தனை இழுன்னா சொல்லோட மொதல்ல அழுத்துவான். எல்லாரையும் சொன்னா நடுவுல அழுத்துவான். அந்த அழுத்தத்துலதான் இழுக்கணும்."

"ஆளைப் பாத்து கனம் மாறுமா? இன்னாடா பாஷை அது, ஒழுங்கா கட்டாத மூட்டையாட்டம்?"

"பாஷை புடிக்கலன்னா போவுது. கிரேன் வந்தா புடிக்குமா?"

சடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, குரல் கொடுக்க முன்னால் வந்தார்.

பாக்கியராஜ் ரெனாத்தோவிடம் போய், அது கேலி இல்லை, இழுக்கிற முறையே அதுதான் என்று கையையும் காலையும் ஆட்டி விளக்கினான். ரெனாத்தோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குப்பன் பக்கத்தில் வடத்தைப் பிடித்தான். தானும் இழுப்பதால் இப்போது சொல்லே வேறாம்: "தி-ரியாஆ-மோ", நாம் இழுப்போம். இதிலும் கனம் நடுவில்தான்.

சடையப்பன் பெயர் சொல்லாமல் மேனேஜரின் தொந்தியைக் கேலி செய்து பாட்டில் ஓர் அடி எடுத்துவிட்டார். கூட்டம் "தி" என்று மூச்சைப் பிடித்தது, "ரியாஆ" என்று இழுத்தது, "மோ"வில் கையைத் தளர்த்தியது. மிஷின் நகர்ந்தது. அடுத்த அடிக்கு இன்னும் நகர்ந்தது. பாட்டு தன்னைப் பற்றியது என்று தெரியாமல் மேனேஜரும் தாளம் போட்டார். வெயில் தாழும்போது மிஷின் மேடையில் உட்கார்ந்திருந்தது. அடுத்த மிஷினுக்கும் நீங்களே வந்துவிடுங்கள் என்றார் மேனேஜர்.

ரெனாத்தோ, பாட்டெடுத்த சடையப்பனை வியர்வையோடு கட்டிப் பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். கூட்டம் விசில் அடித்தது. சடையப்பன் கன்னத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார்.

"நம்ம ஐலசான்னு இருந்தா மத்தியானமே ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.