குழல் மாற்றிய சனிக்கிழமை

மூஸ் வேட்டைக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் சுடும் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். காட்டோர மைதானத்தில் பலகையில் வெட்டிய மூஸ் மான் ஒன்று நிற்கும். அதன் நெஞ்சில் வரைந்த வட்டத்துக்குள் குண்டுகள் விழ வேண்டும். அந்த ஆகஸ்டில் தைஸ்தோ சுட்டதில் ஒன்று மூஸின் காதில் பட்டது, ஒன்று வாலுக்கடியில் பட்டது. மற்றவை எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

வேட்டைக் குழுவின் தலைவி ரைலி பலகையருகே போய் வெகுநேரம் பார்த்தாள்.

"தைஸ்தோ, இது செத்திருக்காது. ஆனா உன்மேல கேஸ் போட்டிருக்கும்."

"துப்பாக்கிக் குழல் தேஞ்சுபோச்சு ரைலி. என் கையில ஒண்ணும் இல்ல."

"போன வருஷம் கண்ணாடி சரியில்லன்ன. அதுக்கு முந்தின வருஷம் காத்துன்ன."

ஆனால் இந்த முறை அவன் சொன்னது நிஜம். ஊரில் துப்பாக்கி பழுது பார்ப்பவர் குழலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் வரிகள் தேய்ந்து வழவழவென்றாகியிருந்தன. மாட்டத் தயாராகக் கடைந்த புதுக் குழல் அவரிடம் இருந்தது. மாட்டித்தர நேரம்தான் இல்லை. கிறிஸ்துமஸுக்கு வா என்றார். கிறிஸ்துமஸுக்குள் மூஸ் எல்லாம் மற்றவர்களின் உறைபெட்டிக்குள் போயிருக்கும்.

இந்தக் கவலையை மனைவி ஹில்க்காவின் அண்ணன் உர்ப்போவிடம் சொன்னான். உர்ப்போ மரம் வெட்டும் ராட்சத இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன்.

"மாப்ளே, குழல்ங்கிறது என்ன? மரை போட்ட பைப்பு. இடது பக்கம் திருப்பினா கழண்டுரும், வலது பக்கம் திருப்பினா மாட்டிக்கும். இதுக்குப் போய் கிறிஸ்துமஸா?"

தைஸ்தோ புதுக் குழலை விலைக்கு வாங்கிவந்தான். சனிக்கிழமை காலை உர்ப்போ அவன் கொட்டகைக்கு வந்தான். குழலைக் கவ்விப் பிடிக்க அரைவட்டமாய்க் குடைந்த ஓக் கட்டைகள் இரண்டும், துப்பாக்கியின் உடலைத் திருப்ப முழங்கை நீளத்தில் ஒரு ஸ்பேனரும் கொண்டுவந்திருந்தான். கட்டைகளுக்கு நடுவே குழலை வைத்து, மேஜையில் பொருத்தியிருந்த வைஸ் என்ற இரும்பு இடுக்கியை இறுக்கினார்கள். உர்ப்போ ஸ்பேனரில் தொங்கினான். குழல் கட்டைக்குள்ளேயே வழுக்கிச் சுற்றியது. இன்னும் இறுக்கினார்கள். இப்போது குழல் நின்றது, மேஜை எழுந்தது. தைஸ்தோ மேஜைமேல் ஏறி உட்கார்ந்தான். மேஜை நின்றது, குழல் மறுபடி சுற்றியது.

"பிடிமானம் பத்தல மாப்ளே. பைன் பிசின் தூள் இருந்தா கட்டையில தூவலாம். அட்டை மாதிரி கவ்விக்கும்."

"பிசினுக்கு நான் எங்க போவேன் மச்சான்?"

உர்ப்போ வீட்டுப் பக்கம் பார்த்தான். பிடில் வாசிப்புக்குப் பேர்போன காவுஸ்தினென் பக்கத்து வீடுகளில் உப்பு இல்லாமல் இருக்கலாம், பிடில் இல்லாமல் இருக்காது. பிடில் வில்லுக்குத் தடவுவது பைன் பிசின்தானே! ஹில்க்கா மாவு வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். தைஸ்தோ பூனைபோலப் போய் அவள் பிடில் பெட்டியைத் திறந்து, தேன் நிறத்தில் பளபளத்த பிசின்கட்டியை எடுத்துவந்தான்.

"கொஞ்சமா சுரண்டு மச்சான்."

உர்ப்போவுக்குக் கொஞ்சம் என்றால் என்னவென்று தெரியாது. சுத்தியலால் ஒரே போடு. கட்டி மாவாயிற்று. மாவை முழுக்கக் கட்டைகளில் அப்பி, இறுக்கி, இருவரும் சேர்ந்து ஸ்பேனரை இழுத்தார்கள். 'டக்'கென்று ஒரு சத்தம்! துப்பாக்கியே முறிந்துவிட்டதென்று தைஸ்தோ கண்ணை மூடிக்கொண்டான். முறியவில்லை, கழன்றுவிட்டது.

மரையில் கிரீஸ் தடவிப் புதுக் குழலை முட்டும்வரை திருகி, ஸ்பேனரால் இறுக்கினார்கள். கடைசிச் சோதனைக்குப் பழுது பார்ப்பவர் இரண்டு அளவுத்துண்டுகள் இரவல் கொடுத்திருந்தார். ஒன்றின் பெயர் 'போ', மற்றதன் பெயர் 'போகாதே'. முதலாவதைத் தோட்டா இருக்குமிடத்தில் வைத்தால் போல்ட் என்கிற பின்மூடி மூட வேண்டும், இரண்டாவதுக்கு மூடக்கூடாது. மூடினால் சுடாதே, பாதிரியாரைப் பார் என்று சொல்லியிருந்தார். 'போ'வுக்கு மூடியது. 'போகாதே'வுக்குப் பாதியில் நின்றது. மாப்பிள்ளையும் மச்சானும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

அப்போது வீட்டிலிருந்து குரல் வந்தது.

"தைஸ்தோ! என் பிசின் எங்க?"

அன்று மதியம் பக்கத்து ஊரில் கல்யாணம். மணப்பெண்ணைத் தேவாலயத்துக்கு வாசித்து அழைத்துப்போவது ஹில்க்கா ஒருத்திதான். முந்தின நாள்தான் வில்லுக்குப் புதுக் குதிரைமுடி கட்டி வாங்கியிருந்தாள். பிசின் படாத புதுமுடி நரம்பில் வழுக்குமே தவிர வாசிக்காது.

கொட்டகைக்கு வந்து நின்று வில்லை நரம்பில் இழுத்துக் காட்டினாள். மூச்சுவிட்டதுபோல ஒரு 'ஸ்ஸ்'. அவ்வளவுதான்.

"இத வாசிச்சா பொண்ணு டயர் பஞ்சராயிடுச்சுன்னு திரும்பிப் போயிருவா. எங்கய்யா பிசின்?"

தைஸ்தோ உர்ப்போவைப் பார்த்தான். உர்ப்போ கூரையைப் பார்த்தான்.

"கேளு தங்கச்சி, ஒரு நல்ல காரியத்துக்காக..."

"நீ பேசாத அண்ணே. ஒன் கால்சட்டையெல்லாம் பிசின் வாசனை."

அவள் கண் வைஸின்மேல் விழுந்தது. கழற்றச் சொன்னாள். குடைந்த பள்ளத்தில் பிசின் அப்பி இறுகிப் போயிருந்த ஓக் கட்டையைக் கையில் வாங்கி, வில்லை அதில் பரபரவென்று தேய்த்தாள். மறுபடி நரம்பில் இழுத்தாள். முதலில் ஒரு கரகரப்பு. பிறகு கணீரென்று சுரம் எழுந்தது. ஹில்க்கா கட்டையைப் பிடில் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு போனாள்.

கல்யாணத்தில் ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் செங்கல் அளவு கட்டையை எடுத்துத் தேய்த்தாளாம். பெண்ணின் அப்பா அது என்னவென்று கேட்டாராம். "என் வீட்டுக்காரர் செஞ்சு கொடுத்த பரிசு" என்றாளாம். விருந்திலிருந்து தைஸ்தோவுக்கு அவள் இனிப்பான புல்லா ரொட்டி ஒன்றுகூட எடுத்துவரவில்லை. அவனும் கேட்கவில்லை.

அடுத்த வாரத் தேர்வில் குண்டுகள் எல்லாம் வட்டத்துக்குள் விழுந்தன. ரைலி பலகையைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அக்டோபரில் வேட்டையின் முதல் காலை. தைஸ்தோ சதுப்போரம் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தான். நாய் குரைப்பு நெருங்கியது. பனிமூட்டத்திலிருந்து கொம்போடு ஒரு மூஸ் வெளியே வந்து, பக்கவாட்டில் நின்றது. அவன் மூச்சை அடக்கிச் சுட்டான். மூஸ் சில அடி நடந்து, முழங்கால் மடங்கி, விழுந்தது.

வாக்கிடாக்கி கரகரத்தது. ரைலியின் குரல்.

"யாரு சுட்டது?"

"நான்."

"நான்னா?"

"தைஸ்தோ."

வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"சரி... எதச் சுட்ட?"

"மூஸைத்தான்!"

"அங்கயே இரு, எங்கயும் போயிராத. எல்லாரும் வந்து பாக்குறோம்."

தைஸ்தோ பிளாஸ்கைத் திறந்தான். மூஸிலிருந்து கண்ணை எடுக்காமல் ஊற்றியதில் காப்பி பாதி பூட்ஸில் கொட்டியது. மீதியை அவன் நின்றுகொண்டே குடித்தான். அவனால் உட்கார முடியவில்லை.