சதுப்பு நிலம் நேரில் ஆஜர்

சதுப்பு நிலம் முதல் வாய்தாவுக்கே நேரில் ஆஜரானது. சற்றுத் தாமதமாக வந்தது என்பதைத் தவிர அதன் நடத்தையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. நீதிமன்ற வாசலில் நின்று கட்சிக்காரர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் டவாலி, பட்டியலில் இருந்தபடி அதையும் மூன்று தரம் கூப்பிட்டார். ஊர் எல்லைக்கும் கேட்கும் குரல் அவருக்கு. கொஞ்ச நேரத்தில் கடைத்தெரு வழியாக, சாலை ஓரமாகவே, கணுக்கால் ஆழத்தில் அது வந்து சேர்ந்தது. கோரைப்புல், தவளை, நாரை என்று குடும்பத்தோடு வந்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த இடத்தில் நின்று, பச்சை விழுந்த பிறகுதான் புறப்பட்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். படியேறிக் கூடத்துக்குள் நுழைந்து, மனுதாரருக்கு உரிய பக்கத்தில் முதலில் தேங்கி, இடம் போதாமல் எதிர்ப்பக்கத்துக்கும் பரவியது. குமாஸ்தா காலைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு ‘முதல் மனுதாரர் ஆஜர்’ என்று எழுதினார். நீதிபதி கண்டிப்பானவர். கைப்பேசிகளும் தவளைகளும் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தார்.

இப்படியொரு மனுதாரர் அமைந்ததற்குக் காரணம் தெருக்கோடி வீட்டுத் தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைப்பவர். முன்னறையில் மோட்டார் வைத்த தையல் இயந்திரம், வெட்டு மேசை, கூரையைத் தொடும் நீலத் துணிக்கட்டுகள். நடுவே ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரான கணவர் பித்தான்களை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டோடு தெரு முடிந்து சதுப்பு தொடங்கியது. ஊரில் பெய்யும் மழையெல்லாம் அந்தத் தெருவில் ஓடி அதற்குள் போய் அடங்கிவிடும். அதற்காகத் தையல்காரம்மா அதை மெச்சியதில்லை. கொசுவுக்கும் நாற்றத்துக்கும் சேர்த்துத் தினமும் கரித்துக்கொட்டத்தான் செய்தார். பிறகு மனை போட்டு விற்கும் ஒருவர் வந்தார். சதுப்பின் ஒரு மூலையில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி, அலங்கார வளைவு வைத்து, வண்ணக் கொடி கட்டி, எல்லைக்கல் நட்டார். அந்த ஆண்டின் முதல் மழை வழக்கமான இடத்துக்குப் போய்ப் பார்த்தது. அங்கே செம்மண் இருக்கவும் திரும்பி வந்து தையல்காரம்மாவின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டது. மோட்டார் புகைந்தது. தைத்து வைத்திருந்த சட்டைகள் சுருங்கின. பள்ளி திறந்தபோது முதல் வகுப்புப் பிள்ளைகள் தொப்புள் தெரியத்தான் போனார்கள்.

தையல்காரம்மா நியாயம் கேட்கப் போனார். மனைக்காரர் மரியாதை தெரிந்த மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, “இன்னும் முக்கால்வாசி சதுப்ப மேடாக்கணும்மா. அப்புறம் அந்த வீட்டுல நீங்க இருக்க முடியாது. பேசாம எனக்கே குடுத்துடுங்க” என்றார். வீட்டில் தண்ணீரை விட்டுவிட்டுப் பிறகு வீட்டையே கேட்கிற இந்த ஒழுங்குமுறை தையல்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அந்த முன்னறையில்தான் அவர் இரண்டு பெண்களையும் வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். வேறு எங்கேயும் அவருக்குத் தூக்கம் வராது. வக்கீலாக இருந்த கொழுந்தனைக் கூப்பிட்டு வழக்குப் போடச் சொன்னார்.

கொழுந்தன் அதுவரை விபத்து வழக்கு மட்டுமே நடத்தியவன். அடிபட்டவர் பெயரை மேலேயும் மோதியது எதுவோ அதைக் கீழேயும் எழுதிப் பழகிய கை. இந்த மனுவையும் அப்படியே எழுதினான். அடிபட்டது சதுப்பு நிலம் என்பதால் அது முதல் மனுதாரர், அண்ணி இரண்டாம் மனுதாரர். மோதியது மனைப்பிரிவு என்பதால் அது எதிர்மனுதாரர். மனைக்காரர் பெயரை எழுத வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. லாரி மோதினால் லாரி நம்பரைத்தானே எழுதுவோம் என்று பின்னால் கேட்டான்.

மனைக்காரரின் வக்கீல் பெரிய வக்கீல். சதுப்பு நிலம் நடந்து வந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை ஆட்சேபிக்கவில்லை. அதெல்லாம் சட்டத்தில் இல்லை. வழக்கின் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் தாங்களே நேரில் வர வேண்டும், வக்கீல் வந்தால் போதாது, மனுதாரர் ஒரு தரம் வராவிட்டாலும் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்டார். நாலு நடை நடந்தால் சதுப்பு சலித்துப்போகும் என்பது அவர் கணக்கு. நீதிபதி அப்படியே உத்தரவு போட்டார்.

சதுப்பு சலிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் வந்தது. வாய்தா நாளில் கடைத்தெருக்காரர்கள் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றிவிட்டு வியாபாரத்தைக் கவனித்தார்கள். நீதிமன்றத்தில் எல்லாரும் ரப்பர் செருப்புக்கு மாறினார்கள். தட்டச்சர் சாப்பாட்டு இடைவேளையில் மேசைக்கு அடியில் தூண்டில் போட்டார். கண்டக்டர் பழைய விசிலைத் தேடி எடுத்து, சதுப்புக்கு முன்னால் நடந்து, “ஓரம் போங்க, ஓரம் போங்க, பின்னால வருது” என்று வழி விலக்கினார். ஓய்வு பெற்ற பிறகு அவர் முகத்தில் களை வந்தது அப்போதுதான். தையல்காரம்மா சதுப்பின் பக்கத்திலேயே சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவார். ஒரு காலத்தில் வைத வாயால் இப்போது, பள்ளம் பார்த்து வா, கண்ணாடி கிடக்கிறது பார்த்து வா என்று சொல்லிக்கொண்டு நடந்தார். தனக்காக இவ்வளவு தூரம் வருகிறதே என்று அவருக்கு அதன் மேல் பாசம் வந்துவிட்டது. பெற்ற பெண்கள் தொலைபேசியில் விசாரித்ததோடு சரி.

நாலாம் ஆண்டு பெரிய வக்கீலுக்கு ஒரு விஷயம் உறைத்தது. வந்த சதுப்பு இங்கே இருக்கிறதென்றால் அங்கே என்ன இருக்கும்? உடனே எழுந்து, இடத்தை நில அளவையர் பார்வையிட வேண்டும், வீண் தாமதம் வேண்டாம், அடுத்த வாய்தா அன்றைக்கே பார்த்துவிடட்டும் என்றார். அளவையர் அப்படியே போனார். போன இடத்தில் மருந்துக்கும் ஈரம் இல்லை. மண் வெடித்துக் கிடந்தது. சதுப்பு நிலம் எதுவும் காணப்படவில்லை, காலுறையில் தூசி படிந்தது என்று அறிக்கை எழுதினார். அது நீதிமன்றத்தில் படிக்கப்பட்டபோது நீதிபதி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய நாற்காலிக்கு அடியில் ஒரு நாரை நின்றுகொண்டிருந்தது.

“ஐயா, கீழ குனிஞ்சு பாருங்க. இதோ இருக்கே” என்றார் தையல்காரம்மா.

“எனக்கும் தெரியுதும்மா. காலைலேருந்து கால் மரத்துப் போச்சு. ஆனா நான் கண்ணால பாக்கறத வச்சுத் தீர்ப்பு எழுத முடியாது. ஆவணம் என்ன சொல்லுதோ அதுதான்” என்றார் நீதிபதி. இருந்தாலும் நல்ல மனிதர். இன்னொரு பார்வைக்கு அனுமதி கொடுத்தார். அதுவும் அடுத்த வாய்தா அன்றைக்கே. அதோடு விசாரணை முடியும்.

வீட்டுக்கு வந்து தையல்காரம்மா சதுப்பின் கரையில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார். வந்தால் இடம் காய்ந்துவிடும், வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. எப்படிப் போனாலும் வீடு போய்விடும். கண்டக்டர் பித்தான் டப்பாவோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஆறுதல் சொல்லத் தெரியாதவர் என்பதால் பேச்சை மாற்றினார். அந்த டவாலிக்கு என்ன தொண்டை, அப்படியொரு தொண்டை இருந்திருந்தால் தனக்கு விசிலே தேவைப்பட்டிருக்காது என்றார். மனைக்காரரை மட்டும் டவாலி ஒரு நாளும் கூப்பிட்டதில்லையே என்றும் சொன்னார். கூடத்துக்குள் வந்து நிற்கிற ஆளை எதற்குக் கூப்பிடுவது என்று தையல்காரம்மா எரிந்து விழுந்தார். விழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கொழுந்தனுக்கு போன் போட்டார்.

“தம்பி, எதிராளின்னு நீ யார் பேரப் போட்ட?”

“அது... மனைப்பிரிவுன்னுதான் போட்டேன் அண்ணி. தப்புத்தான். திருத்தி மனு போட்டுடறேன்.”

“ஒண்ணையும் திருத்தாத. பேசாம இரு” என்றார் தையல்காரம்மா.

கடைசி வாய்தா அன்று டவாலி கூப்பிட, சதுப்பு வழக்கம்போல் வந்து கூடத்தில் படுத்தது. மனைக்காரர் வரவில்லை. அளவையருக்கு இடத்தைக் காட்டவும் குளிர்பானம் வாங்கிக் கொடுக்கவும் மனைப்பிரிவுக்கே போயிருந்தார். பெரிய வக்கீல் எழுந்து, கட்சிக்காரர் சார்பில் தானே ஆஜராவதாகச் சொன்னார். தையல்காரம்மா முழங்கை வரை மடித்த ரவிக்கைக் கையோடு எழுந்தார்.

“ஐயா, கட்சிக்காரங்க நேர்ல வரணும்னு இவருதான் கேட்டு வாங்கினாரு. எங்க பக்கம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்துச்சு. அவங்க பக்கம் இருக்கிற மனைப்பிரிவு ஒரு நாளாவது இந்தப் படி ஏறியிருக்கா?”

நீதிபதி தாள்களைப் புரட்டினார். எதிர்மனுதாரர் மனைப்பிரிவு என்றுதான் இருந்தது. அத்தனை ஆண்டும் வேறு யாரோ வந்து நின்றதற்காகக் குமாஸ்தாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கூப்பிடச் சொன்னார். டவாலி வாசலுக்குப் போய், தொண்டையைச் செருமி, மனைப்பிரிவை மூன்று தரம் கூப்பிட்டார்.

வர நேரமாயிற்று. அதற்கு நடந்து பழக்கமில்லை. முதலில் அலங்கார வளைவு, கடைத்தெருவில் தந்திக் கம்பிகளுக்குக் குனிந்து குனிந்து வந்தது. பின்னால் எல்லைக்கற்கள் வரிசை கலையாமல் வந்தன. அதற்குப் பின்னால் செம்மண் முழுவதும் தன் மேல் இருந்தவர்களோடு வந்தது. மனைக்காரர் குளிர்பானத்தைச் சிந்தாமல் இருக்கவே பாடுபட்டார். அளவையர் அளவை நாடாவின் ஒரு முனையைக் கையில் பிடித்தபடி நின்றார். பாதி அளந்துவிட்டதால் அவருக்கு நிறுத்த மனம் வரவில்லை. கூடத்தில் இடம் இல்லாததால் மனைப்பிரிவு நீதிமன்றத்தின் பின்பக்க மைதானத்தில் போய் அமர்ந்தது. அங்கே அளவையர் மிச்சத்தையும் அளந்து முடித்து அறிக்கை எழுதிக் கொடுத்தார்: மனைப்பிரிவு காய்ந்த நிலத்தில் உள்ளது, இருப்பிடம் நீதிமன்ற வளாகம்.

நீதிபதி அதை இரண்டு தரம் படித்தார். ஆவணப்படி மனைப்பிரிவு சதுப்பில் இல்லை. ஆகவே சதுப்புக்கு இனி அதனால் தொல்லையும் இல்லை என்று எழுதி வழக்கை முடித்தார். எதிர்மனுதாரர் இப்போது இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மனுதாரர் வீடு திரும்பலாம் என்று ஒரு வரி சேர்த்தார். சதுப்பு திரும்பிப் போய், செம்மண் இருந்த மூலை உட்படத் தன் இடம் முழுவதும் பரவிக்கொண்டது. மனைக்காரருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் மனை என்றதும் வக்கீல்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். மூலை மனையைப் பெரிய வக்கீல் எடுத்தார். நீதிமன்றம் வேறு இடத்துக்கு மாற வேண்டும் என்று இப்போது அவர் ஒரு வழக்கு நடத்துகிறார், வெளிச்சத்தை மறைக்கிறதாம்.

அந்த ஆண்டு மழை பலமாகப் பிடித்தது. தையல்காரம்மா புது மோட்டாரைக் கழற்றி மேசை மேல் வைத்து, துணிக்கட்டுகளை அடுக்கி, தானும் மேலே ஏறி உட்கார்ந்தார். கண்டக்டர் விசிலோடு வாசலில் நின்றார். தெரு நிறையத் தண்ணீர் வந்தது. வாசற்படி வரை வந்து, நிற்காமல் கடந்து, சதுப்புக்குள் போயிற்று. அடுத்து வந்ததும் அப்படியே போயிற்று. தையல்காரம்மா இறங்கி வந்து தரையைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு அங்கேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

“ஒண்ணும்தான் உள்ள வரலியே, ஏன் அழற?” என்றார் கண்டக்டர்.

“வரலன்னுதான்” என்றார் அவர்.