பாக்குறேன்

டயாலிசிஸ் மையத்து வாசலில் அப்பாவைக் காரிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் புவனேசன் அண்ணன் எங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில் படம் போட்டார். புதுக் காரின் மீட்டர். லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டராம். கூடவே குரல் பதிவு வேறு. "ஹைபிரிட் காடிலா! ரோட்டு ஜேம்லதான் எண்ணெ மிச்சமே. பிரேக் புடிச்சா பேட்டரி ஏறிக்கும். மெதுவா போனா எஞ்சினே ஓடாது, சத்தமே வராது. கேஎல் போயிட்டு வந்தேன், இன்னும் எண்ணெ அடிக்கல." அத்தைமார்கள் கைதட்டுகிற படங்களாக அனுப்பித் தள்ளினார்கள். பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் வரை போய்வருகிற காருக்கு, நாங்கள் இருக்கும் செமிலிங் வர மட்டும் வழி தெரியவில்லை.

செவ்வாயும் வியாழனும் அப்பாவை மையத்து வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். சனிக்கிழமை வேன் கிடையாது, நான்தான் கூட்டிப்போகவேண்டும். கெடாவில் எங்கள் கடைக்கு வெள்ளிதான் விடுமுறை, சனி வேலை. அண்ணனுக்கோ சனி, ஞாயிறு இரண்டும் லீவு. பீடோங்கில் நான் வேலை பார்க்கிற டைல்ஸ் கடையின் முதலாளி, தவுக்கே, பொறுமையான மனிதர். அவரே போன வாரம் கூப்பிட்டு, இனிமேல் சனிக்கிழமை வராவிட்டால் வேறு ஆள்தான் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் நானும் அப்பாவும் எதைத் தின்பது?

அண்ணனிடம் போனில் கேட்டால், "நான் மீட்டிங்ல இருக்கேன் சுந்தரி, மெயில் போடு, பாக்குறேன்" என்பார். பெற்ற அப்பாவைப் பற்றிப் பேச மெயில்! போட்டேன். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன். கேட்டால், "மெயிலே வரலையே" என்றார்.

எங்கள் கடையிலிருந்து வாடிக்கையாளர்களுக்கு விளம்பர மெயில் அனுப்புவோம். அதன் அடியில் கண்ணுக்குத் தெரியாத பொட்டளவு படம் ஒன்று இருக்கும். யாராவது மெயிலைத் திறந்தால் அந்தப் படமும் திறந்து, இன்னார் பார்த்துவிட்டார் என்று நமக்குச் சொல்லிவிடும். கூட வேலை செய்யும் வசந்தனிடம் கேட்டு என் மெயிலிலும் அதைச் சேர்த்துவிட்டேன். காலையில் அனுப்பினேன். சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் திறந்தார். சாயங்காலம் மறுபடியும் திறந்தார். மறுநாளும் திறந்தார். பாக்குறேன் என்று சொன்ன மனுஷன் சொன்னபடியே பார்த்திருக்கிறார். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சிடாம் கிரியில் அத்தை மகள் கல்யாணத்தில், "அப்பாவ யாருப்பா கூட்டிட்டுப் போறது?" என்று அத்தை கேட்க, அண்ணன் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி ஒண்ணுமே சொல்லலையே அத்தே" என்றார். எனக்குத் தாங்கவில்லை.

"ஏன்ணே பொய் சொல்றீங்க? என் மெயில நீங்க எப்பெப்ப தொறந்தீங்கன்னு எனக்குத் தெரியும். நேத்து ராத்திரிகூட தொறந்தீங்க."

பந்தியே திரும்பிப் பார்த்தது. அண்ணன் முகம் கறுத்துப்போனது. ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"கூடப் பொறந்த அண்ணனையே வேவு பாக்குறியாடி? வெக்கமா இல்ல? அவன் பெரிய வேலையில இருக்கான், ஆயிரம் தொல்ல இருக்கும்."

வாரந்தோறும் தூக்கி இறக்குகிறவள் நான். பரிந்து பேசுவதெல்லாம் அண்ணனுக்கு. இலையில் இருந்த பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எந்த மெயிலும் திறந்ததாகக் காட்டவில்லை. "மெயில்ல படம் தெரியாத மாதிரி பிளாக் பண்ணியிருப்பாருக்கா" என்றான் வசந்தன். "இனிமே அவரு படிச்சாலும் தெரியாது, படிக்காட்டியும் தெரியாது." சொந்தத் தங்கச்சிக்குத் தெரியாமல் இருக்க எவ்வளவு அக்கறை!

ஆனாலும் வெட்கத்தை விட்டு இன்னொன்று எழுதினேன். இந்தச் சனிக்கிழமை மட்டும் வாங்கண்ணே, இல்லாவிட்டால் என் வேலை போய்விடும் என்று. அப்பாவிடம் சொல்லித் தொலைத்தது என் தப்பு. வெள்ளிக்கிழமை காலையிலேயே நீலச் சட்டையைத் துவைக்கச் சொல்லிவிட்டார். "புவனேசன் காடியில போறப்ப அழுக்காவா போறது?"

சாயங்காலம் கொடியில் காயப்போட்ட அந்தச் சட்டையை எடுக்க வெளியே வந்தேன். சந்து முனையில் வெள்ளைக் கார் ஒன்று திரும்பியது. எஞ்சின் சத்தம் துளிகூட இல்லை. கல் மேல் டயர் நெரிகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. அண்ணன் கார். நான்கு வீடு தள்ளி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் தெரிந்தது. எங்கள் வீட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையைத் தூக்கினேன். அவர் அசையவில்லை.

ஓடிப்போய்க் கதவைத் திறந்து, இறங்குங்கண்ணே என்று இழுத்து வந்திருக்கலாம். நான் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தேன்.

"வெளியில யாருமா? காடி சத்தம் கேட்டுச்சா?" அப்பா உள்ளேயிருந்து கேட்டார்.

"இல்லப்பா. சத்தம் ஒண்ணும் கேக்கல."

கார் பின்னால் நகர்ந்தது. அதற்கும் சத்தமில்லை. சந்து முனையில் திரும்பியபோது அதன் பின்பக்கச் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தது.

"நாளைக்கு வர்றானாமா? என்ன சொன்னான்?"

சட்டையின் காலர் இன்னும் ஈரமாக இருந்தது. திரும்பவும் கொடியில் போட்டு, இரண்டு பக்கமும் கிளிப் மாட்டினேன்.

"பாக்குறேன்னாருப்பா."