மூன்று வாரம் போதும் சார்

விருந்தாளி முன்னால் மூக்கால் அழுவது பிலிப்பைன்ஸில் எங்கள் செபூ ஊரில் பெரிய அவமானம். இந்த வெட்கங்கெட்ட வெட்கம்தான் என் குடியைக் கெடுத்தது.

கிரஹாம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்தார். அங்குள்ள ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியின் பெரிய மனிதர். அந்த ஊர்க்காரர்கள் அனுப்பும் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து, யாருக்குப் பணம் தரலாம், யாருக்குக் கூடாது என்று பிரிப்பது இங்கே எங்கள் ஆபீஸின் வேலை. நான் தலைவி, எனக்குக் கீழே பதினொரு பேர். டாக்டர்களின் கிறுக்கல் கண்ணுக்குப் பிடிபடவே ஒரு வருஷம் ஆகும். ஷிஃப்ட் முடிந்த பிறகும் யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்து மிச்சத்தை முடிப்போம்.

அவருக்காக மேசை நீளத்துக்கு வாழையிலை விரித்து, முழுப் பன்றியை வாட்டி வைத்து, கையாலேயே சாப்பிட வைத்தோம். மனிதர் குஷியாகிவிட்டார்.

"இந்த வேலை ரொம்பக் கஷ்டமோ மெர்லிட்டா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்."

"புதுசா ஒருத்தர் கத்துக்க எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம் போதும் சார்."

பக்கத்திலிருந்த, என் பதினொரு பேரில் ஒருத்தியான நொயெமி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் சிரித்துக்கொண்டே, "இன்னொரு துண்டு வைக்கட்டுமா சார்? தோல் மொறுமொறுன்னு இருக்கும்," என்றேன். அவர் கைபேசியில் எதையோ குறித்துக்கொண்டார். பன்றித் தோலின் பெருமையைக் குறிக்கிறார் என்று நினைத்த என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்து மேனேஜர் வென்டெல் கூப்பிட்டார்.

"வேலை பக்கத்துத் தீவுல இருக்கற மாஸினுக்குப் போகுது அக்கா. சின்ன ஊரு, சம்பளம் கம்மி. ஏஜென்சி மூலமா ஆள் எடுத்தாச்சு. மூணு வாரத்துல கத்துக்கலாம்னு நீங்களே சொன்னீங்களாமே?"

"அது விருந்தாளிகிட்ட சொன்ன பேச்சு சார்!"

"அவரு விருந்துக்கு வரலியே. அளந்து பாக்க வந்தாரு."

வேலை போனால் போகட்டும் என்று சொல்ல என்னால் முடியாது. கம்பெனி கொடுத்த மருத்துவ கார்டில்தான் என் கணவர் அர்னுல்ஃபோவுக்குக் கீமோ நடக்கிறது. இன்னும் நாலு தடவை பாக்கி. கார்டு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி வாசலைக்கூட எங்களால் மிதிக்க முடியாது.

வென்டெலுக்கு அது தெரியும். "அந்தப் பொண்ணுங்கள மூணு வாரத்துல தயார் பண்ணிக் குடுங்க. உங்க கார்டை மூணு மாசம் நீட்டச் சொல்றேன். இல்லேன்னா மாசக் கடைசியோட சரி."

நாலு தடவைக்கும் அது போதும். தலையாட்டினேன்.

நொயெமி மட்டும் என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். "இலையில பன்னிய மட்டுமா வெச்சீங்க அக்கா? எங்களையும்ல சேத்து வெச்சுட்டீங்க."

திரை வழியாகப் பாடம் தொடங்கியது. மாஸின் பெண்களில் ஜெசிலின் கெட்டிக்காரி. அவள் பிடித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு அவளே சொல்லிக் கொடுத்துவிடுவாள். ஒரு நாள் மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகும் அவள் போகவில்லை.

"அக்கா, உங்க கார்டுல வீட்டாளுங்களையும் சேக்கலாமாமே? என் மகளுக்கு இதயத்துல ஓட்டை. அதுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். எங்களுக்கு எப்ப அக்கா குடுப்பாங்க?"

ஏஜென்சியின் ஒப்பந்தத்தை வென்டெல் மேசையில் பார்த்திருந்தேன். அதில் கார்டு என்ற பேச்சே கிடையாது. சீக்கிரம் வந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பொய் வரவில்லை.

"வராது ஜெசிலின். உங்க ஒப்பந்தத்துல அது இல்ல. எல்லாரும் ஒண்ணாப் போய்க் கேளுங்க. குடுத்தாத்தான் மிச்சத்தைக் கத்துக்குவோம்னு சொல்லுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அர்னுல்ஃபோவின் நாலு தடவை நினைவுக்கு வந்தது. இவர்கள் அடம்பிடித்தால் மூன்று வாரக் கெடு தாண்டிவிடும், என் கார்டும் போய்விடும்.

ஜெசிலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கேட்டா இத வேற ஊருக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களே அக்கா," என்றாள். "நீங்க அடுத்தத சொல்லிக் குடுங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நிம்மதிக்காக என் முகத்தில் நானே காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. அடுத்த காகிதத்தைத் திறந்து பாடத்தைத் தொடர்ந்தேன்.